தற்சமயம் காக்ஸ் டவுன்

மைய அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஏட்டின்படி ஓர் ஊர் உண்டு. பணியிற் சேர்ந்த ஆறு மாதங்களுக்குள் ‘இதுவே எனது சொந்த ஊர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். அது பணிப்பதிவேட்டில் ஏறிவிடும். 1988ஆம் ஆண்டின் விடுப்புப் பயணச் சலுகை விதிகளின்படி அவ்வூருக்குக் குடும்பத்துடன் சென்று வரும் செலவை அரசு ஏற்கிறது. ஊரை மாற்றிக்கொள்ள விரும்பினால் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அதற்கும் தலைமை அதிகாரி இசைய வேண்டும். அவ்வூரில் உமக்கு வீடு உண்டா, நெருங்கிய உறவினர் உளரா, இல்லறக் கடமைகளின் பொருட்டு அவ்வப்போது அங்கே செல்ல வேண்டியுள்ளதா என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறவேண்டும்.

நாம் பணியிற் சேர்ந்த நாளில் எழுதிய ஊர் ஜோலார்பேட்டை. நாம் பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூரின் காக்ஸ் டவுனில்தான். ஆயினும் படிவத்தை நிரப்பும்போது தந்தையார் அருகில் நின்றார். “ஜோலார்பேட்டைன்னு எழுதுடா, அதுதான் நம்ம ஊரு” என்றார். எழுதினோம். ஐயுறவில்லை. அங்கே பாட்டனார் கட்டிய வீடு இருந்தது. அவ்வீட்டில் அத்தை இருந்தார். சென்ற ஆண்டு தை மாதத்தில் அத்தை மறைந்தார். பங்காளிகள் கூடி வீட்டை விற்பதென்று முடிவு செய்தனர். விற்பனைப் பத்திரத்தில் நாமும் கையொப்பமிட வேண்டியிருந்தது. அதே வாரத்தில் பயணச் சலுகைப் படிவமும் நம் மேசைக்கு வந்தது. விற்கப்போகும் வீட்டிற்கு அரசுச் செலவில் பயணம் செய்யலாமா என்னும் சிறு வினாவிலிருந்து இக்கட்டுரை பிறந்தது.

ஜோலார்பேட்டை பழம்பெரும் நகரன்று. இருப்புப் பாதையால் வளர்ந்த ஊர். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் ஓடிற்று. மெட்ராஸ் ரயில்வே அப்பாதையை மேற்கு நோக்கி நீட்டிக்கொண்டே சென்று, 1862இல் மலையாளக் கடற்கரையைத் தொட்டது. வழியில் ஏலகிரி மலையின் அடிவாரத்தில், ஒரு பாதை சேலத்தை நோக்கித் திரும்ப, மற்றொரு பாதை மைசூர்ப் பீடபூமியை நோக்கி ஏறவேண்டியிருந்தது. 1864 ஆகஸ்டு முதல் நாள் பெங்களூர்த் தண்டுக்கு வண்டி போயிற்று. இரண்டு பாதைகள் பிரிந்த அவ்விடமே சந்திப்பு. சந்திப்பைச் சுற்றி எழுந்ததே இன்றைய ஊர்.

நீராவி எஞ்சினுக்கு இரண்டு பசி: கரி ஒன்று, தண்ணீர் ஒன்று. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் உள்ளது. அம்மேட்டில் ஏறப்போகும் எஞ்சின் அடிவாரத்திலேயே வயிறு நிரப்பிக்கொள்ள வேண்டும். கரி கொட்டுவோர், தண்ணீர் பிடிப்போர், சாம்பல் வாருவோர், விளக்குத் துடைப்போர், பாதை மாற்றும் பாயிண்ட்ஸ்மேன்கள், ஓட்டுநர், கார்டு எனப் பல தொழிலோர் அங்கே தங்க நேர்ந்தது. தங்கியவர்க்குக் குடியிருப்பு, குடியிருப்புக்குக் கடை, கடைக்குச் சந்தை. நள்ளிரவில் எந்த வண்டிக்கு யார் போகவேண்டும் என்று வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி எழுப்புவதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். ‘கால் பாய்’ என்பது அவன் பதவிப் பெயர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒரு புறமும், தமிழும் தெலுங்கும் உருதும் பேசுவோர் மற்றொரு புறமும் வாழ்ந்தனர். எல்லார்க்கும் பொதுவான கடிகாரம் எஞ்சினின் ஊதல்.

1908இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. மெட்ராஸ் ரயில்வேயின் பாதைகள் இரு கம்பெனிகளுக்குப் பிரிந்தன. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரையிலும், அங்கிருந்து பெங்களூர் வரையிலும் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா கம்பெனிக்கு. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வழியாக மேற்கே செல்லும் பாதை சவுத் இந்தியன் கம்பெனிக்கு. சிறிய ஊர் இரண்டு கம்பெனிகளின் எல்லைக் கல்லாயிற்று. 1951 ஏப்ரலில் தென்னக இரயில்வே தோன்றிய பிறகே அவ்வெல்லை அழிந்தது.

நம் பாட்டனார் 1936இல் அங்கே பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்தார். அவர் பிறந்தது போளூர்ப் பக்கத்து மானாவாரிச் சிற்றூர். மழை பொய்த்த ஓராண்டில் ஊரைவிட்டு வந்தவர், இரவும் பகலும் நெம்புகோலை இழுத்து வண்டிகளை வழி பிரித்துவிட்டார். பெங்களூர் வண்டியைச் சேலத்துக்கோ, சேலம் வண்டியைப் பெங்களூருக்கோ ஒரு நாளும் அனுப்பியதில்லை என்பது அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட ஒரே பெருமை.

தென் ஆஸ்திரேலியாவில் குடியேறியுள்ள நம் மைத்துனர், பீட்டர்பரோ என்னும் சிற்றூரைப் பார்த்து வந்து ஒருமுறை நீண்ட கடிதம் எழுதியிருந்தார். கோதுமை வயல்களுக்கு நடுவே, வெவ்வேறு அகலமுள்ள மூன்று வகை இருப்புப் பாதைகள் கூடிய சந்திப்பாம் அது. நிலத்துக்கு உரியவராயிருந்த பீட்டர் என்பவரின் பெயரால் முதலில் பீட்டர்ஸ்பர்க் எனப்பட்டதாம். முதல் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மானியச் சாயல் கொண்ட ஊர்ப் பெயர்களை அகற்ற 1917இல் வந்த சட்டத்தால் அது பீட்டர்பரோ ஆயிற்றாம். “ஜோலார்பேட்டையை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்ச் செம்மண் காட்டில் வைத்தது போலிருக்கிறது, ஏலகிரி மட்டும் இல்லை” என்று முடித்திருந்தார். நம் பாதையிலும் ஆணையர் பவுரிங்கின் பெயரால் பவுரிங்பேட்டையாக இருந்தது பங்காருப்பேட்டை ஆகவில்லையா? இரயில் ஊர்களின் தலையெழுத்து உலகெங்கும் ஒன்று போலும்: எவரோ வரைபடத்தில் கோடிடுகின்றனர், எவரோ பெயரிடுகின்றனர், இறங்கியவர்கள் வாழ்ந்து அவ்விடத்தை ஊராக்குகின்றனர்.

காக்ஸ் டவுனும் இவ்வகையினின்று வேறானதன்று. 1809இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபோது படையோடு தமிழ் மக்களும் வந்தனர். 1864க்குப் பின் இருப்புப் பாதை அவ்வரவை எளிதாக்கிற்று. 1898இல் கொள்ளைநோய் நகரைத் தாக்கிய பின்னர், நெருக்கமான பழைய தெருக்களுக்கு வெளியே காற்றோட்டமான புதுக் குடியிருப்புகள் தேவைப்பட்டன. பிரேசர் டவுன் முதலாக ஆங்கில அதிகாரிகளின் பெயர் தாங்கிய பகுதிகள் அடுத்தடுத்துப் பிறந்தன. அவற்றுள் நம் காக்ஸ் டவுனும் ஒன்று. 1947இல் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் மீண்டது. 1949இல் பழைய நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. அதிகாரிகள் போயினர், அவர்கள் பெயர்களின் கீழ் நாம் வாழ்கிறோம்.

தந்தையார் 1966இல், இருபது வயது இளைஞராய், ஜோலார்பேட்டையில் வண்டியேறி பெங்களூர் கிழக்கு நிலையத்தில் இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி. அருகிலிருந்த சிகரெட் ஆலையில் வேலை கிடைத்தது. 140 கிலோமீட்டர்ப் பயணத்தில் தமிழ்நாட்டில் ஏறி, குப்பத்தில் ஆந்திரத்தைக் கடந்து, கன்னட நாட்டில் இறங்கியிருந்தார். “தொலைவு என்றே தோன்றவில்லை, தண்டவாளம் வீட்டு வாசலிலிருந்துதானே வந்தது” என்பார்.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி நகரில் தமிழர்க்கு எதிராகக் கலவரம் மூண்டது. நமக்கு அப்போது பதினோரு வயது. ஓரிரவில் தந்தையார் நம்மையும் தாயாரையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு வண்டியேறினார். பெட்டியில் நிற்க இடமில்லை; எவரும் உரக்கப் பேசவில்லை. ஜோலார்பேட்டை மேடையில் இறங்கியதும் தாயார் விம்மி அழுதார். அத்தை வாசலில் நின்று, “வந்துட்டீங்களா? உள்ள வாங்க, சோறு இருக்குது” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ‘சொந்த ஊர்’ என்னும் சொல்லுக்கு அன்று நமக்குக் கிடைத்த பொருள் அதுவே: காரணம் கேளாமல் கதவு திறக்கும் இடம்.

இரண்டு வாரங்களுக்குப் பின் திரும்பினோம். காக்ஸ் டவுன் வீட்டின் சாவி பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாரிடம் இருந்தது. அத்தனை நாளும் நம் வாசலைப் பெருக்கித் தெளித்துக் கோலமிட்டிருந்தார். ஆளில்லா வீடு என்று எவரும் எண்ணிவிடக் கூடாதென்பது அவர் கருத்து. “பன்னி, பன்னி” என்று அழைத்துச் சாவியைக் கையில் வைத்தார். அன்று நாம் சிறுவர். அதன் பொருளை அளந்தறியவில்லை. தந்தையார் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் நமது படிவத்தில் ஜோலார்பேட்டை என்றே எழுதச் சொன்னார். அச்சம் ஒரு முறை புகுந்த நெஞ்சில் ஓர் அறை எப்போதும் பயணப் பெட்டியோடு ஆயத்தமாயிருக்கும் போலும்.

வீட்டு விற்பனைக்காகச் சென்றபோது அத்தையின் மரப்பெட்டியிலிருந்து பழைய பத்திரங்களை எடுத்துப் படித்தோம். 1958இல் பாட்டனார் அம்மனையை வாங்கிய கிரயப் பத்திரத்தில், ‘போளூர் தாலுகாவைச் சேர்ந்தவரும், தற்சமயம் ஜோலார்பேட்டையில் வசிப்பவருமான’ என்று அவரை எழுதியிருந்தது. தற்சமயம்! வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், வீடு கட்ட மனை வாங்கும் நாளிலும், அவர் அங்கே ‘தற்சமயம்’தான் வசித்தார். பெங்களூருக்குத் திரும்பியதும் தந்தையார் 1984இல் வாங்கிய வீட்டின் பத்திரத்தைத் தேடி எடுத்தோம். ‘ஜோலார்பேட்டையைச் சேர்ந்தவரும், தற்சமயம் பெங்களூர் காக்ஸ் டவுனில் வசிப்பவருமான’ என்றிருந்தது.

பாட்டனார்க்குப் போளூர்ச் சிற்றூர். தந்தையார்க்குப் பாட்டனார் ‘தற்சமயம்’ இருந்த ஊர். ஒருவர் தற்காலிகமாக இறங்கிய நிலையமே அடுத்தவர்க்குப் பூர்வீகமாகிவிட்டது. எந்தத் தலைமுறையும் தான் வாழும் ஊரைத் தன் ஊர் என்று எழுதத் துணியவில்லை. அடுத்த தலைமுறைதான் அதை எழுதிக் கொடுக்கிறது.

ஜோலார்பேட்டை நம்மை நம்பி நிற்கும் ஊருமன்று. நீராவி எஞ்சின்கள் மறைந்தபோது கரிமேடும் மறைந்தது, ‘கால் பாய்’ மறைந்தான், ஊர் மறையவில்லை. இன்று அது நகராட்சி; 2019இல் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே 2019இல் சென்னை குடிநீரின்றித் தவித்தபோது, குழாய் வழி வந்த காவிரி நீரை ஜோலார்பேட்டையில்தான் இரயிலில் ஏற்றினர். ஜூலை 12ஆம் நாள் 50 டாங்கிகளில் 25 லட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கத்துக்குச் சென்றது. “எஞ்சினுக்குத் தண்ணி ஊத்தின ஊருடா இது, இப்ப மதராசுக்கே தண்ணி போவுது பாரு” என்று அத்தை தொலைபேசியில் பூரித்தார். ஒரு நீரின் பொருட்டு நாம் ஓடிச்சென்ற வீட்டின் வாசலுக்கே அந்நீர் வந்து, அங்கிருந்து மற்றோர் ஊரின் தாகம் தீர்க்கச் சென்றதை அப்போது எண்ணிக்கொண்டோம், அவரிடம் சொல்லவில்லை.

விற்பனைப் பத்திரத்தில் கையொப்பமிட்டோம். எழுத்தர் நம் முகவரியைக் கேட்டு, வழக்கம்போல் ‘தற்சமயம்’ என்று தொடங்கினார். “அச்சொல் வேண்டா” என்றோம். அவர் ஒரு கணம் நோக்கிவிட்டு அடித்தார்.

மறுவாரம் அலுவலகத்தில் ஊர் மாற்றப் படிவத்தை வாங்கினோம். கண்காணிப்பாளர் நல்லவர், நம் நலம் கருதுபவர். “எதுக்குப்பா? காக்ஸ் டவுன்னு போட்டா ஊருக்குப் போற சலுகையே போயிடும். அப்படியே விட்டுடு, யாரு வந்து பாக்கப் போறாங்க?” என்றார். உண்மைதான். குடும்பம் முழுவதற்குமான பயணச் செலவு நம் போன்ற எழுத்தர்க்குச் சிறு தொகையன்று. அன்றிரவு இல்லத்தரசியிடம் கூறியபோது அவரும் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “மாத்திட்டா, மறுபடி ஒரு நாள் ஓட வேண்டி வந்தா எங்க போறது?” என்றார். கணக்கைக் காட்டிலும் இக்கேள்வியே நம்மை உறங்கவிடவில்லை.

விடை நம் மகளின் பள்ளிப் படிவத்தில் இருந்தது. பூர்வீகம் என்ற இடத்தில் எவரையும் கேளாமல் ‘காக்ஸ் டவுன்’ என்று எழுதி வைத்திருந்தாள். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுபவள். சாவியை வைத்துக் காத்த அம்மையாரின் பேத்தி அவளுடைய உயிர்த் தோழி. ஓட வேண்டி வந்தால் எங்கே செல்வது என்பதை நாம் அறியோம். ஆனால், நமக்கு ஒரு கதவு ஜோலார்பேட்டையில் திறந்தது. மற்றொரு கதவை இங்கே ஒருவர் காத்தார். இரண்டாவதையும் ஏட்டில் பதிய வேண்டியது கடன் அன்றோ?

படிவத்தில் ‘பெங்களூர், காக்ஸ் டவுன்’ என்றெழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். மாற்றத்திற்குரிய அந்த ஒரே வாய்ப்பும் தீர்ந்தது. இனி ஜோலார்பேட்டைக்குச் செல்வதானால் கைக்காசில்தான் சீட்டு வாங்க வேண்டும். வாங்குவோம், வரும் பொங்கலுக்கே மகளையும் அழைத்துச் சென்று, பாட்டனார் வண்டிகளை வழி பிரித்த இடத்தைக் காட்டுவோம்.