வாசல்வரை வந்த தோழன்

கணியூர்ப் பகுதியில் விடியுமுன்னே நூற்பாலை வேன்களும் பனியன் கம்பெனி வேன்களும் தொழிலாளரை ஏற்றிச் செல்லத் தொடங்கிவிடுகின்றன. இவ்வாறு ஓடி உழைக்கும் ஊரில், வாசற்படியைத் தாண்ட இயலாத ஒருவரை நாம் எளிதில் சோம்பேறி என்றுவிடுகிறோம். ஜெபம் போதவில்லை என்பாரும் நம்மில் உண்டு.

பேருந்து, சந்தை, ஏன், ஞாயிறு திருப்பலிக் கூட்டம்கூடச் சிலருக்குத் திகிலூட்டுகிறது. ‘இங்கே மூச்சு முட்டினால் தப்ப வழியேது?’ என்ற எண்ணம் எழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது, கால் தளர்கிறது. பாதியிலே வீடு திரும்பினால் நிம்மதி. அந்த நிம்மதிதான் கண்ணி. தப்பி வரும் ஒவ்வொரு முறையும் அச்சம் இன்னும் ஆழமாய் வேரூன்றுகிறது. இதற்கு 1871இல் ‘அகோரஃபோபியா’ என்று பெயரிட்டவர் பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால். அகோரா என்பது கிரேக்கரின் சந்தைவெளி. தம்மிடம் வந்த நோயாளிகளுக்கு, உடன் ஒருவர் நடந்தால், கையில் ஒரு தடி இருந்தால்கூட, அச்சம் தணிந்ததை அவர் குறித்துவைத்தார்.

நாம் அறிந்த 17 வயது இளைஞன் ஒருவன் பள்ளியை விட்டுப் பல மாதங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். சிறிது சிறிதாக வெளியே பழகுமாறு மனநல மருத்துவர் சொன்னார். (மருத்துவரை நாடுவதில் வெட்கமென்ன? 2022 முதல் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கிறது.) பழக்கியவன், பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்க்கும் தோழன். மாலையில் வாசலில் வந்து நிற்பான். கையைப் பிடித்து இழுக்கமாட்டான். “இன்னிக்கு எதுவரைக்கும் போலாம்டா?” என்று மட்டும் கேட்பான். முதல் வாரம் குழாயடிவரை; பிறகு மளிகைக்கடை. ஒரு நாள் நடுவழியில் இவன் நடுங்கி நின்றபோது தோழன் அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்குத் திருப்பி அழைத்துவரவுமில்லை. படபடப்பு அடங்கும்வரை இருவரும் சாலையோரக் கல்லில் அமர்ந்திருந்தனர்.

சீடர்களும் அஞ்சிக் கதவடைத்துக் கிடந்தவர்கள்தாமே! உயிர்த்த ஆண்டவர் அவர்களை வெளியே வரச்சொல்லிக் கடிந்துகொள்ளவில்லை. தாமே உள்ளே வந்து சமாதானம் கூறினார். எட்டு நாளுக்குப் பின்னும் கதவு மூடியே இருந்தது என்கிறது யோவான் நற்செய்தி. அவர் மறுபடியும் வந்தார்.

இப்போது இளைஞன் உடுமலைப் பேருந்தில் ஏறுகிறான், படிக்கட்டருகே இடம் கிடைத்தால். தோழனுக்கு இரவு ஷிப்டு என்றால் பயணம் மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது.