மூவர் அளித்த உடுப்பு



உடலை மறைக்கவும் அழகுபடுத்தவும் ஆடையை அருளியதாகக் கூறும் இறைவன், இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்று அல்அஃராஃப் அத்தியாயத்தில் உணர்த்துகிறான். பலமுறை ஓதிய இந்த வசனத்தின் பொருளை, ஒரு சிறுவனுக்காக நாங்கள் தைத்த ஜுப்பா எனக்குச் சற்றே விளக்கியது.

பள்ளியின் வரலாற்று விழாவில் பத்து வயதான என் மகன் பயணி இப்னு பதூதாவாக மேடையேற வேண்டியிருந்தது. வாடகைக்குக் கிடைத்தவை எல்லாம் மினுமினுக்கும் சரிகை உடுப்புகள். நாடக மன்னர்களுக்கே அவை பொருந்தும். ஆகவே வீட்டிலேயே தைப்பது என்று முடிவு செய்தோம்.

மொராக்கோவின் தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, ஹஜ்ஜை நாடி 21ஆம் வயதில் தனியே புறப்பட்டவர். தில்லியில் காழியாக இருந்தார். மாலத்தீவையும் இலங்கையையும் கண்டு, நம் மதுரைக்கும் வந்தார். அதன்பின் கொல்லத்திலிருந்து ஹோனாவருக்குக் கடல்வழியே செல்கையில், கொள்ளையரின் 12 கப்பல்கள் அவருடைய கலத்தைச் சூழ்ந்துகொண்டன. இலங்கை மன்னர் அளித்த மணிகள் உட்பட அனைத்தும் பறிபோயின. அணிந்திருந்த கால்சட்டை மட்டுமே மிஞ்சியது. அந்தக் கோலத்தில் கோழிக்கோட்டை அடைந்து ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் அங்கியை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் அங்கியை அனுப்பினார். இதை அவரே தம் பயணநூலில் பதிவு செய்திருக்கிறார். மகன் மேடையில் அணிய வேண்டியது கோழிக்கோட்டில் கிடைத்த அந்த உடுப்பே என்று தீர்மானித்தோம்.

உம்மா, பெட்டியில் வைத்திருந்த மூன்று மீட்டர் காடாத் துணியை எடுத்துத் தந்தார்கள். தலைப்பாகைக்கு மச்சி மெல்லிய மல் துணி கொடுத்தாள். தைப்பதற்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தது. எதிர்வீட்டு லாத்தாவின் கணவர் மவுத்தாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், அலங்காரம் தவிர்த்து, அவர்கள் வீட்டோடு இருந்தார்கள். தொடக்கத்தில் வந்த கூட்டம் குறைந்துவிட்டது. கணவர் வாங்கித் தந்த தையல் இயந்திரம் மூடியே கிடந்தது. கேட்பதற்கு நான் தயங்கினேன். உம்மாதான், “துக்கத்துல இருக்கிறவளுக்குக் கையில ஒரு வேலை வேணும்” என்று துணியோடு சென்றார்கள்.

லாத்தா துணியைத் தடவிப் பார்த்தார்கள். மகனை நிறுத்தி அளவெடுத்தார்கள். நேர்கோட்டில் வெட்டிய நீள்சதுரத் துண்டுகளால் உடல் பகுதியும் கைகளும். கை தாராளமாக அசைய அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு. கழுத்தில் ஒரு பிளவு. வளைத்து வெட்டாததால் துணி வீணாவதில்லை. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தைப் பின்பற்றியவர்களின் உடையில் இந்த முறை எத்துணைப் பொருத்தம்! மாலைதோறும் ஒருவர் பின் ஒருவராகத் தெருப்பெண்கள் வந்து அமர்ந்தனர். ஒருத்தி ஓரம் மடித்தாள். இன்னொருத்தி தேநீர் போட்டாள். இடையிடையே லாத்தா தம் கணவரைப் பற்றிப் பேசினார்கள். சில நேரம் அழுதார்கள். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் ஊசி மீண்டும் நகர்ந்தது.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கைகளால் உழைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர். தம் மனைவியரில் மிக நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது அவரைக் குறித்தே என்பது பின்னர் விளங்கியது. கை நீளம் என்றால் கொடை என்பதை அந்த மாலைகளில் நான் நேரில் கண்டேன்.

ஜுப்பாவை அணிந்து பார்த்த மகன், “எனக்கும் மூணு பேர் குடுத்த உடுப்புதான், உம்மா!” என்றான். லாத்தா சிரித்தார்கள். இரண்டு மாதங்களில் அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை. கூலி பற்றிக் கேட்டபோது, “பெருநாளைக்கு உடுப்பு இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்னு கேட்டுச் சொல்லு, துணி வாங்கிக் குடுங்க, தைச்சுத் தர்றேன்” என்றார்கள். இதுவரை ஏழு பிள்ளைகளின் அளவு வந்திருக்கிறது.

துயருற்றவரிடம் ஆறுதல் சொல்வது நம் கடமை. அவரால் இன்னும் பிறருக்குக் கொடுக்க முடியும் என்பதை அவருக்கு நினைவூட்டுவதும் அந்தக் கடமையில் சேரும். வல்ல ரஹ்மான் லாத்தாவின் கணவருக்கு மஃபிரத்தையும், அவர்களுக்கு ஸப்ரையும், நம் அனைவருக்கும் தக்வா என்னும் ஆடையையும் அருள்வானாக. ஆமீன்.