அம்மாவின் நிறங்கள்



பார்வை மங்கிய என் தாயாருக்காகப் பக்குரங்காவில் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கினேன். என்ன நிறம் என்று அலைபேசியில் வினவினார். விலைச்சீட்டில் 'டோப்' என்றிருந்தது. பிரெஞ்சு மொழியில் அச்சொல் அகழெலியைக் குறிக்கும் என்றேன்.

"எலி நிறமா, சாமி?" என்று நகைத்தார். 'காய்ந்த களிமண்' என்றதும், "அப்படிச் சொல்லு" என்றார்.

மயில்கழுத்து, வெங்காயத்தோல், அரக்கு என்றால் அவர் இன்றும் காண்பார், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயர் தாங்கிய 'எம்.எஸ். நீலம்' என்றாலும் காண்பார். எல்லாரும் கண்ட பொருளின் பெயரே, காண இயலாதவருக்குக் கண்ணாகிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்பெயர்களைக் கற்பியுங்கள். டிசம்பரில் இங்குப் பூக்கும் பொஹுடுகாவாவின் நிறத்தை ஊரிலுள்ள பாட்டிக்கு அவர்கள் சொல்லட்டும்: "மிளகாய்ப்பழச் சிவப்பு, பாட்டி!"

இறையாசி உங்களோடு இருப்பதாக.