கடலுக்குள் வைத்த வீடுகள்

2005ஆம் ஆண்டு, சுனாமியில் வீடிழந்தவர்களின் பட்டியல் ஒன்றில் நான் 200 மீற்றர் பிழையை ஏற்றினேன். கடலிலிருந்து எட்ட நின்ற பல வீடுகள் என் வரைபடத்தில் கடலோரத் தடைவலயத்துக்குள் போய் விழுந்தன. பின்னொரு நாள் பிழை எனக்குத் தெரிந்தது. ஃபைலைத் திருத்தினேன். அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லவில்லை. திருத்தியதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். அது தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் மதில் ஒட்டி நிற்கிற கரை இது. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள். நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில், பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இருக்கிற வளவையே பிரித்துப் பிரித்துக் குடியிருந்தவர்கள் நாங்கள்.

2005இன் தொடக்கத்தில் அரசு தடைவலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அந்தக் கோட்டுக்கு வெளியே வீடு முழுதாக உடைந்தவருக்கு இரண்டரை இலட்சம் ரூபாய், பகுதி உடைந்தவருக்கு ஒரு இலட்சம், சொந்த வளவிலேயே கட்டிக்கொள்ளலாம். கோட்டுக்கு உள்ளே இருந்தவர் கட்டக்கூடாது. வேறு காணி கிடைத்து, யாராவது நன்கொடையாளர் வீடு கட்டித் தரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் வேறு காணி என்றால் வயலை நிரப்பினால்தான் உண்டு. காணி கிடைத்த இடத்திலும் நிம்மதி இல்லை. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு எழுந்த 500 வீடுகள் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை ஊரே கண்டது. ஆகவே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ஒரு குடும்பம் எத்தனை மழைக்காலத்தைக் கொட்டிலில் கழிக்கப்போகிறது என்பதைத் தீர்மானித்த கேள்வி.

அந்த நாட்களில் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வரைபட வேலை பார்த்தேன். அரச அளவையாளர்கள் தரையில் செய்த வேலை வேறு. நான் சொல்வது எங்கள் நிறுவனம் யாருக்கு முதலில் உதவுவது என்று பார்க்க வைத்திருந்த உள்பட்டியலை. பொடியன்மார் ஜீபீஎஸ் கருவியோடு வளவு வளவாகப் போய்ப் புள்ளி எடுத்து வருவார்கள். நான் அவற்றைக் கணினியில் ஏற்றி, பழைய நிலவரைபடத்திலிருந்து பெறப்பட்ட கரைக்கோட்டின் மேல் வைத்து, 200 மீற்றர் கோடு கீறி, உள்ளே விழுந்தவை எவை, வெளியே நிற்பவை எவை என்று பிரித்துக் கொடுப்பேன்.

பிழை அந்த ஏற்றும் இடத்தில் நடந்தது. எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் யாரோ ஒருவர் அதே இடத்தில் அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்.

இலங்கையின் பழைய நிலவரைபடங்கள் கந்தவல என்ற ஆதாரத்தின் மேல் நிற்கின்றன. நீர்கொழும்புப் பக்கமுள்ள கந்தவலவை ஆதாரப் புள்ளியாக வைத்து, பிதுருதலாகல உச்சியைக் கட்டங்களின் தொடக்கமாக எடுத்து, 1830இல் எவரெஸ்ட் கணித்த பூமியின் வடிவத்தின்மேல் கட்டிய அளவுமுறை அது. ஜீபீஎஸ் கருவி பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு முறையில். இரண்டும் பூமியின் பருமனையும் வேறாக எடுத்துக்கொள்கின்றன. நடுப்புள்ளியையும் ஏறக்குறைய 800 மீற்றர் தள்ளி வைக்கின்றன. அதனால் ஒரே வீட்டுக்கு இரண்டு முறையிலும் வெவ்வேறு எண்கள் வரும். ரூபாயா டொலரா என்று சொல்லாமல் ஒரு விலையைச் சொல்வது எப்படியோ, எந்த ஆதாரம் என்று சொல்லாத எண்ணும் அப்படித்தான்.

எங்கள் கரையில் அந்த வேறுபாடு என்ன செய்கிறது? மாற்றக் கணக்கைப் போடாமல் ஜீபீஎஸ் புள்ளியைக் கந்தவல வரைபடத்தில் வைத்தால், அது உண்மையான இடத்திலிருந்து கிட்டத்தட்ட 200 மீற்றர் கிழக்கே போய் விழும். கல்முனையில் கிழக்கே என்றால் கடல். தடைவலயமும் 200 மீற்றர், பிழையும் 200 மீற்றர். கரையிலிருந்து 350 மீற்றரில் நின்ற வீடு என் திரையில் 150 மீற்றரில் நின்றது.

மென்பொருள் என்னை எச்சரிக்காமல் இல்லை. புள்ளிகளை ஏற்றியபோது ஆர்க்மேப் ஒரு பெட்டியைத் திறந்து, சேர்க்கும் தரவின் ஆதாரமும் வரைபடத்தின் ஆதாரமும் ஒன்றல்ல, மாற்றக் கணக்கைத் தெரிவு செய் என்றது. அதன் கீழே, இனி எச்சரிக்க வேண்டாம் என்ற சின்னச் சதுரம் ஒன்றும் இருந்தது. நான் அந்தச் சதுரத்தில் சரியிட்டேன். பெட்டி மறைந்தது, புள்ளிகள் திரையில் வந்தன, அழகாக ஊர் வடிவில் அமர்ந்தன. வேலை முடிந்தது என்று நினைத்தேன். கந்தவல என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாதது குற்றமல்ல. தெரியாத ஒன்றைப் பற்றி என்னிடம் கேட்டபோது, கேட்காதே என்று வாயடைத்தது என் குற்றம்.

பெரிய பிழைகள் தாமே காட்டிக்கொடுக்கும். அகலாங்கையும் நெட்டாங்கையும் இடம் மாற்றிப் போட்டால் கல்முனை ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் வடக்கே ஆர்க்டிக் சமுத்திரத்தில் போய் விழும். பழைய கட்டமுறையின் தொடக்க எண் இரண்டு இலட்சம். 1999இன் புதிய முறையில் ஐந்து இலட்சம். இரண்டையும் கலந்தால் ஊர் கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்து வங்கக் கடலுக்குள் போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் அது பிழை என்று தெரியும். 200 மீற்றர் பிழை அப்படியல்ல. அது உண்மையைப் போலவே இருக்கும்.

ஆனாலும் எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது. அதை நான் தட்டிக் கழித்தேன் என்பதுதான் இந்த வாக்குமூலத்தில் சொல்லக் கூசுகிற பகுதி. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியை இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிற இடம். நானும் சிறுவயது முதல் போய் நின்ற மணல் அது. என் படத்தில் அந்தப் பள்ளியின் புள்ளி கடலுக்குள் கிடந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, சுனாமியில் கரை அரிபட்டிருக்கும், வரைபடம் பழையது, கருவியும் சற்றுத் தடுமாறியிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. அலுவலகத்திலிருந்து நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம். என் காலடி அறிந்த ஊரை விட்டுவிட்டு, ஊரை அறியாத ஒரு திரையை நம்பினேன்.

இரண்டாவது சாட்சி ஒரு ராத்தா. பட்டியலில் தன் பெயர் வலயத்துக்குள் என்று இருப்பதைக் கேள்விப்பட்டு வந்தவர். "தம்பி, எங்கட ஊட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ரெண்டு ஒழுங்கை இரிக்கி. எப்படிக் கடலடி எண்டு எழுதினீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல் கேட்டார். நான் எழும்பிப் போய் அளக்கவில்லை. "கொம்பியூட்டர்ல அப்படித்தான் காட்டுது ராத்தா" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பிறந்து வளர்ந்த வளவைப் பற்றி அவருக்கு இருந்த அறிவை ஒரு வசனத்தில் செல்லாக்காசு ஆக்கினேன். படிப்பு எனக்குத் தந்த அதிகாரத்தை நான் பயன்படுத்திய விதம் அது.

பிழையைக் கண்டுபிடித்துத் தந்தவர் இளைப்பாறிய ஒரு சேவையர். வேறு ஏதோ வேலைக்காக வந்தவர் என் திரையைப் பார்த்தார். பள்ளியைக் கண்டார். "கந்தவலவுக்கு மாத்தினீங்களா மகன்?" என்றார். அவ்வளவுதான். அன்று மாலை மாற்றக் கணக்கைப் போட்டேன். எல்லாப் புள்ளிகளும் ஒருமிக்க மேற்கே நகர்ந்தன. பள்ளி மணலில் வந்து நின்றது. ராத்தாவின் வீடு இரண்டு ஒழுங்கைக்கு இப்பால் வந்து நின்றது.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது தெளிவானது. பொறுப்பாளரிடம் சொல்லி, முன்பு கொடுத்த பட்டியலைத் திரும்பப் பெற்று, அதை வைத்திருந்த எல்லோருக்கும் எழுதி, பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் போயிருக்க வேண்டும். நான் புதிய ஃபைலைப் பழைய ஃபைலின் பெயரிலேயே சேமித்தேன். அடுத்த அச்சுப் பிரதி சரியாக வந்தது. முதல் பிரதியோ ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தது. முதல் சுற்று உதவியில் விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டளவில் அரசே தடைவலயத்தைத் தளர்த்தியது. அப்போது எனக்கு வந்தது ஆறுதல். வந்திருக்க வேண்டியது வெட்கம். அந்த இடைப்பட்ட மாதங்களில் மாரி மழையும் அடங்கும்.

சுவிற்சர்லாந்துக்கும் ஜேர்மனிக்கும் இடையே றைன் நதியின் மேல் லவ்ஃபன்பர்க் என்ற இடத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். ஒரு நாடு உயரத்தை மத்தியதரைக் கடலிலிருந்து அளக்கிறது, மற்ற நாடு வட கடலிலிருந்து. இரண்டுக்கும் 27 சென்ரிமீற்றர் வேறுபாடு என்பது பொறியியலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் திருத்தத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டதால், 2003இல் இரு பக்கமும் 54 சென்ரிமீற்றர் ஏற்றத்தாழ்வோடு வந்தன. உலகமே அறிந்தது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தார்கள், பாலம் நிற்கிறது. தேர்ந்த பொறியியலாளர்களுக்கும் ஆதாரம் பிசகும் என்று இந்தக் கதையைச் சொல்லி நான் நெடுங்காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். அதில் எனக்கு எதிரான பாதியை மறைத்தேன்: அவர்களின் பிழை மறைக்கப்படவில்லை, என்னுடையது மறைக்கப்பட்டது.

இன்று இந்த வேலைக்கு வருகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கியூஜிஐஎஸ் பயன்படுத்துகிறார்கள். இலவசமான, நல்ல மென்பொருள். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பவை சில. ஷேப் ஃபைல் என்பது ஒரு ஃபைல் அல்ல, ஒரு கூட்டம். எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் என்ற மூன்றும் இருந்தால் படம் திறந்துவிடும். ஆனால் ஆதாரத்தைச் சொல்கிற பிஆர்ஜே என்ற சின்ன ஃபைல் வழியில் தொலைந்தால் எண்கள் அநாதையாகிவிடும். கியூஜிஐஎஸ் அப்படிப்பட்ட அடுக்கின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். அந்தக் கேள்விக்குறியை ஊகத்தால் நிரப்பாதீர்கள்; தந்தவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். கந்தவல கட்டமுறைக்கு 5234, 1999இன் புதிய முறைக்கு 5235, ஜீபீஎஸ் தருகிற அகலாங்கு நெட்டாங்குக்கு 4326 என்ற அடையாள இலக்கங்களை மனனமாக வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் நேரில் நின்ற ஓர் இடத்தைப் படத்தில் தேடுங்கள். ஒரு பள்ளி, ஒரு கோயில், ஒரு சந்தி. அது இடம் மாறியிருந்தால் படத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உங்கள் பட்டியலை எதிர்த்து ஒருவர் வந்து நின்றால், கதிரையை விட்டு எழும்பி அவரோடு போங்கள்.

இதையெல்லாம் கற்றுக் கொடுத்தால் பாவம் கழுவப்பட்டுவிடும் என்று ஒரு காலம் நினைத்தேன். சிறுவயதில் மதரசாவில் ஓதிக் கொடுத்தது அப்படியல்ல. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பிழைக்குத் தௌபா போதும்: பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். மனிதருடைய ஹக்கு அதில் இருந்தால் நான்காவது ஒன்றும் வேண்டும்: உரியவரிடம் போய் உரியதைக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் முதல் மூன்றையும் செய்துவிட்டு நான்காவதை ஒளித்து வைத்தேன். அந்தப் பட்டியல் ஓர் அமானிதம். அதில் இருந்தவர்கள் சிலர் மவுத்தாகிவிட்டார்கள். அவர்களிடம் கேட்கிற வாய்ப்பை என் மௌனம் தின்றுவிட்டது. இருப்பவர்களிடம் நேரில் வருவேன். எழுத்து அதற்கு ஈடாகாது என்று தெரிந்தே எழுதுகிறேன். ஊரார் முன் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதால்.

ராத்தா, உங்கள் வீடு கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. நீங்கள் சொன்ன கணக்கு சரி. பிழையைச் செய்தது கொம்பியூட்டர் அல்ல, நான். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். பொறுக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் அதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.