வாலைக் காட்டுங்க தம்பி

சாமநத்தம் கண்மாய்க்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பறவை பார்க்க வருகிறவர்கள். தை மாதக் காலை ஒன்றில் நாங்கள் இருவர் மட்டும் நாரைகளுக்கு முதுகைக் காட்டியபடி மடையோரக் கோரைக்குள் முட்டிபோட்டிருந்தோம். சார் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊசித்தட்டான்களைப் படமெடுத்துப் பெயர் காணும் வேலையை அவரிடம் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன்.

தட்டான் உட்கார்ந்தாலும் இறக்கையை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். கண்களும் ஒன்றையொன்று ஒட்டாமல் தலையின் இரு ஓரத்தில் விலகி நிற்கும். வெயில் ஏறும்முன் உடம்பு சூடாகாமல் தண்டைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்பதால்தான் ஆறரை மணிக்கே வந்துவிட்டோம்.

முதலில் கிடைத்தது மஞ்சள் வால்காரர். செரியாக்ரியான் கோரமண்டலியானம். ஃபேப்ரிசியஸ் 1798இல் வைத்த பெயர். கோரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கரைதான். வயல், வாய்க்கால், குட்டை எங்கும் திரிகிற பூச்சி, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் கரையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது.

அடுத்து நீலமும் கறுப்புமாக ஒன்று. கண்ணுக்கு நேரே குவியம் வைத்துப் பத்துப் படம் எடுத்துக் காட்டினேன்.

“அழகா இருக்கு. வாலைக் காட்டுங்க தம்பி.”

வால் புகைமூட்டமாக இருந்தது. சூடாக்ரியான் மைக்ரோசெபலம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மலபாரிகம் என்று அச்சு அசலாக அதேபோல் இன்னொன்று உண்டு. வால் என்று நாம் சொல்வது உண்மையில் வயிறு. அதன் 10 கணுக்களில் இரண்டாவதன் மேலுள்ள கறுப்புக் குறியையும் கடைசியிலுள்ள கவ்விகளையும் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. இணை சேரும்போது ஆண் அந்தக் கவ்விகளால்தான் பெண்ணின் கழுத்தைப் பற்றுகிறது. இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும். ராணுவ மருத்துவராக இருந்த ஃபிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக இந்தியத் தட்டான்களை எழுதியபோது இந்தக் கவ்விகளைத்தான் விடாமல் விவரித்தார். அவர் காலத்தில் பூச்சியைப் பிடித்துக் கொன்று பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். உயிரோடு விட்டுவிட வேண்டுமென்றால் படம்தான் அத்தனையையும் சொல்லியாக வேண்டும்.

அவ்வளவு நெருங்கி எடுக்கும்போது சில மில்லிமீட்டர்தான் தெளிவாக விழும். கேமராவின் முதுகு, பூச்சியின் உடம்புக்கு இணையாக நிற்க வேண்டும்; கொஞ்சம் சாய்ந்தாலும் தலை கிடைக்கும், வால் போய்விடும். துவாரத்தை எஃப் 11க்குக் குறுக்கி, ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத்துணி கட்டியிருந்தார் சார். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால்நுனி மட்டும் ஒன்று. அழகுக்கான படம் அதற்குப் பிறகுதான்.

பெண் பூச்சிகள்தான் பெரும்பாடு. இஸ்க்னூரா செனகலென்சிஸின் பெண்களில் சில ஆணைப் போலவே நிறம் கொண்டவை. மற்றவை இளமையில் ஆரஞ்சு, வயதானால் மங்கிய பழுப்பு. சாரின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘இஸ்க்னூரா, பெண், இனம் உறுதியில்லை’ என்றே இருந்தது. தேதியும் இடமும் மட்டும் விடாமல் எழுதியிருந்தார். எனக்கு அந்த நோட்டின் மேல் வந்த மரியாதை, அவர் படங்களின் மேல் வந்ததைவிட அதிகம்.

ஊசித்தட்டான்கள் புல்லின் தண்டைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று கோரையை மொத்தமாக வழித்து, ஓரமெல்லாம் கல் பதித்துவிட்ட ஊருணிகளில் சாருக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டுகூடக் கிடைப்பதில்லையாம். தண்ணீர் இருந்தால் போதாது, விளிம்பும் வேண்டும். கண்மாய் தூர்வாரும்போது யாராவது இதை நினைக்க வேண்டுமே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

மீன் காவல்காரர் கரையிலிருந்து இறங்கி வந்தார்.

“என்னண்ணே, கொசுவயா போட்டோ புடிக்கிறீக?”

“கொசுவத் திங்கிறத” என்று சார் கேமராவை நீட்டினார். சற்றுமுன் கிடைத்த வால்நுனிப் படம், பெரிதாக்கியபடி.

அவர் திரையை வெயிலுக்கு மறைத்துக் குனிந்து பார்த்தார். “அட, கொக்கியில்ல வச்சிருக்கு!” வெகுநேரம் கேமராவைத் திருப்பித் தரவில்லை. பிறகு மடைக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார்.

“அங்கன இத்துனூண்டு ஒண்ணு, செவப்பு வாலோட, தண்ணிக்குச் சாணுயரத்துல திரியும். அதுவும் இதானா, வேறயா?”

சார் பதில் சொல்லவில்லை. கேமராவை வாங்கிக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.