வாசலில் கழற்றிய கால்

எம் அயலிலே ஒரு பெரியவர் வாழ்கிறார். எழுபதைத் தாண்டியவர். 2009 ஆம் ஆண்டு வன்னியில் எறிகணை பட்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஊர்க் கோயிலார் அவரைக் கைவிட்டனர் என்று எவரும் சொல்ல முடியாது. திருவிழாக் காலத்தில் அன்னதானச் சோறு அவரது வீடு தேடி வரும். வெள்ளிதோறும் திருநீறு வரும். மருந்துச் செலவுக்கும் உபயகாரர் சிலர் கைகொடுப்பர். அரசாங்கக் கொடுப்பனவை மாத்திரம் நம்பியிருந்தால் அவர் பாடு என்னவாகியிருக்குமோ!

சென்ற ஆண்டு கொடியேற்றத்தன்று அவரை நாம் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். வாசலில் ஒருவர் தடுத்தார். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாமாம், அது தெருவை மிதித்ததாம், பாதரட்சைக்குச் சமமாம். தடுத்தவர் கொடியவரல்லர். வீட்டுக்குச் சோற்றுப் பொதியைச் சுமந்து வருபவரே அவர்தாம்.

பெரியவர் திரும்பிவிட்டார். வழியிலே, "சோறு வீட்டிலையும் கிடக்குது தம்பி. நாலு சனத்தோட நிண்டு அரோகரா சொல்லத்தான் வந்தனான்" என்றார். அதன்பின் அவர் திண்ணையை விட்டு அசைவதே அருகிவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது.

அவர் அணிந்திருப்பது ஜெய்ப்பூர்க் கால். 1968 ஆம் ஆண்டளவில் இந்தியாவிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேதி என்னும் மருத்துவரும் சேர்ந்து ஆக்கியது. மேனாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துக்கென அமைந்தவை. இவர்களோ வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சம்மணமிட்டு உட்காரவும் ஏற்றதாக இறப்பரிலே பாதம் சமைத்தனர். வெறுங்காலோடு நடக்கும் மக்களுக்கென்றே செய்த பாதத்தைக் கோயில் பாதரட்சை என்கிறது.

அதே 1968 இல்தான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உட்புகும் உரிமை கேட்டு நின்றனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தது. வாசல் மட்டும் திறக்கவில்லை. அன்றும் ஆசாரமே காரணமாகக் காட்டப்பட்டது. பொதுமக்கள் செல்லும் இடங்களிலே அங்கவீனரைத் தடுத்தலாகாது என்னும் சட்டமும் 1996 முதல் இந்நாட்டில் உண்டு. அன்று வாசலில் நின்ற எமக்கு அது தெரியாததன்று. தெரிந்திருந்தும் வாய் திறந்தோமில்லை. ஊரோடு பகைக்க மனம் வரவில்லை என்பதே உண்மை.

வரும் மாதம் கோயிற் சபைக் கூட்டம். இவ்விடயத்தை எழுப்புவதாகப் பெரியவரிடம் கூறினோம். தாமும் வருவதாகச் சொன்னார். கூட்டம் கோயில் மடத்திலே நடைபெறும். அங்கும் காலைக் கழற்ற வேண்டுமோ என்று அவர் கேட்டார்.