பிடி என்றால் விடு

குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டினார் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். சான்றிதழ் வாங்கப் போன நான் குதிரை லாயம் கூட்டினேன். அந்தக் கதையை மலருக்கு எழுதித் தந்தால்தான் ஆயிற்று என்று நமது சங்கச் செயலாளர் விடுதி அறை வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டபடியால், மானம் போனாலும் போகட்டும் என்று எழுதுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்தாக வேண்டும். மரம் நடுவதற்கும் ஏரிக்கரையில் குப்பை பொறுக்குவதற்கும் அதற்குள் ஆள் நிறைந்துவிட்டது. மிஞ்சியது ஒன்றுதான்: பெங்களூர் நகருக்கு வடக்கே, உடல் இயக்கத்தில் குறையுள்ள குழந்தைகளைக் குதிரைமேல் ஏற்றிப் பயிற்சி தரும் ஓர் அறநிலையம். (தங்கள் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.) சனிக்கிழமை விடியற்காலை என்றதும் ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். குதிரைமேல் ஒரு சுற்றுப் போகலாம், ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆசைதான். நாளது வரையில் நான் எந்தக் குதிரைமேலும் ஏறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட லாயமும் மணல் பரப்பிய களமுமாக ஓர் இடம். களத்தின் ஓரத்தில் சாய்வாக எழும்பும் மேடை ஒன்று உண்டு. சக்கர நாற்காலியை அதன்மேல் தள்ளிக்கொண்டு போனால் குதிரையின் முதுகு மட்டத்துக்கு வந்துவிடலாம். குழந்தையை நகர்த்தி உட்கார வைத்தால் போதும். குதிரைகள் மூன்று. காற்றாய்ப் பறக்கும் பஞ்சகல்யாணியை எதிர்பார்த்துப் போன எனக்குப் பெருத்த ஏமாற்றம். மூன்றுமே வயதானவை, பரம சாது. அவற்றுள் ஒன்று கத்தியவார் நாட்டுக் குதிரை. அந்த இனத்துக்குக் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருக்கும். யாரோ கைகூப்புவதுபோல் இருக்கும் அதைப் பார்த்தால்.

"பந்தயக் குதிரை இதுக்கு ஆவாது தம்பி, இலை அசைஞ்சா எகிறும்" என்று ஒரு குரல் தமிழில் கேட்டது. குதிரைக்காரப் பெரியவர். அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பமாம். கண்டோன்மெண்டை அவர் 'தண்டு' என்றுதான் சொல்வார். காலை நான்கு மணிக்கு லாயத்தில் அவருடைய விளக்கு எரியும். ஆண்டு விழாப் படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். விருந்தினர், தொண்டர், நன்கொடையாளர் எல்லோரும் இருக்கிறார்கள். பெரியவரைக் காணோம். குதிரையை அசையாமல் நிறுத்த யாராவது படத்துக்கு வெளியே நிற்க வேண்டும் அல்லவா?

பயிற்சி தருபவர் ராணுவக் குதிரைப் படையில் தபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் கலெக்டருக்கு முன்னால் போகும் தபேதாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். குதிரைப் படையில் அது ஹவில்தாருக்குச் சமமான பதவி. ஒரு நாளைக்கு மொத்தம் இருபது வார்த்தை பேசுவார். அதில் பதினைந்து குதிரையோடு. இயன்முறை மருத்துவம் படித்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். எந்தக் குழந்தையை ஏற்றலாம், எப்படி உட்கார வைக்கலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. மருத்துவர் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு குழந்தையையும் ஏற்ற மாட்டார். வலிப்பு அடங்காத குழந்தையோடு வந்த ஒரு தகப்பனாரை அவர் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அன்று முழுவதும் அவர் யாரோடும் பேசவில்லை. தொண்டர்களில் முதல்வர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. மற்றவர்கள் என்னைப் போல வருவதும் போவதுமாக இருப்பவர்கள்.

குதிரையேறினால் கைகால் விளங்குமா என்று எனக்கு எழுந்த ஐயம் உங்களுக்கும் எழும். அம்மையார் என்னைக் களத்தில் நடக்கச் சொல்லி, என் இடுப்பைக் கவனிக்கச் சொன்னார். நடக்கும்போது இடுப்பு முன்னும் பின்னும் சாய்கிறது, பக்கவாட்டில் ஏறி இறங்குகிறது, சற்றே திரும்பவும் செய்கிறது. நடக்கிற குதிரையின் முதுகில் உட்கார்ந்தவரின் இடுப்பும் ஏறக்குறைய இதே விதமாக அசைகிறது. பெருமூளை வாதத்தால் ஒருநாளும் நடந்தறியாத குழந்தைக்கு, நடை என்பது உடம்பில் எப்படி இருக்கும் என்று குதிரை காட்டிக் கொடுக்கிறது. விழாமல் இருக்க முதுகும் வயிறும் ஒவ்வோர் அடிக்கும் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. நிமிடத்துக்கு நூறு அடி என்று வைத்துக்கொண்டாலும் அரை மணியில் 3,000 தடவை. "என் கையால் நான் இத்தனை தடவை அசைக்க முடியுமா?" என்று கேட்டார். கூடவே, "குதிரை நோயைத் தீர்க்காது. தலையை நிமிர்த்தவும் சாயாமல் உட்காரவும் சிலருக்குப் பழக்கித் தரும். அதற்கும் நாளாகும்" என்றும் சொன்னார். அவர் பேச்சில் விளம்பரம் இல்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு குழந்தைக்கு மூன்று பேர். குதிரையை நடத்திச் செல்ல ஒருவர், இரு பக்கமும் கூட நடக்க இருவர். முதல் இரண்டு சனிக்கிழமையும் குதிரையை அணுகுவது எப்படி என்பதிலேயே கழிந்தன. நேர் பின்னால் நிற்பவனையும் நெற்றிக்கு நேரே மிக அருகில் நிற்பவனையும் குதிரையால் பார்க்க முடியாது. ஆகையால் இடத் தோள்பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். எனக்குப் பேச விஷயம் கிடைக்காமல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனேன். குதிரை ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாவது வாரம் என்னை ஒரு சிறுவனின் இடப்பக்கம் நிறுத்தினார்கள். எட்டு வயதிருக்கும். கன்னடக் குழந்தை. பேச்சு சிரமப்பட்டுத்தான் வரும், ஒரு சமயத்துக்கு ஒரு சொல். முன்கையை அவன் தொடைமேல் இலேசாகச் சார்த்தி, சேணத்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. குதிரை நாலடி வைத்திருக்கும். சிறுவன் என்னைப் பார்த்து "பிடி" என்றான். பாவம், பயப்படுகிறான் என்று நன்றாகப் பிடித்தேன். "பிடி! பிடி!" என்று மறுபடியும் சொன்னான். இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. என் மனமும் இளகிப்போய், இன்னும் இறுக்கினேன்.

"குதிரை கொடுக்கும் அசைவையெல்லாம் நீங்கள் பிடித்து நிறுத்திவிட்டீர்களே! விடச் சொல்லித்தானே கேட்கிறான்?" என்று அம்மையார் ஓடி வந்தார்.

நமது சங்கத்தில் மொழி இலக்கணம் பயிலும் அன்பர்களுக்கு இது புதிதன்று. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரமாகிவிடும். நம் 'வா' அவர்களுக்கு 'பா'. நம் 'விடு' அவர்களுக்கு 'பிடு'. தமிழில் பகரத்தில் தொடங்குவதோ அங்கே ஹகரமாகும். பால் 'ஹாலு', பல் 'ஹல்லு', பிடி 'ஹிடி'. மரியாதையாக 'விடுங்கள்' என்று அந்தச் சிறுவன் சொன்ன சொல்லில், 'அம்பு' என்பதில் வரும் பகரம்போல் ஒலி சற்று மெலிந்திருக்கும். அவ்வளவுதான் வேற்றுமை. மூன்று ஆண்டுகள் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் 'ஊட்டா ஆய்த்தா'வுக்குமேல் ஒரு சொல் கற்காத எனக்கு அது எங்கே விளங்கப் போகிறது? நம் விடுதியில் என்னைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இத்தோடு முடிந்திருந்தால் வேடிக்கைக் கதையாகப் போயிருக்கும். அடுத்த வாரம் அதே சிறுவன். முந்தைய வாரத்து வெட்கத்தில் கையைத் தாராளமாகவே எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். யாரோ அனுப்பிய கிரிக்கெட் கணக்கு. அந்த நேரம் பார்த்து வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பிற்று. கிழவியானாலும் குதிரை குதிரைதானே? ஓரடி விலகி, சட்டென்று நின்றது. சிறுவன் என் பக்கமாகச் சாய்ந்தான். நான் நிமிர்ந்து பார்த்தபோது வங்கி அம்மா அந்தப் பக்கத்திலிருந்து அவன் இடுப்புக் கச்சையைப் பற்றி இழுத்துப் பிடித்திருந்தார். பெரியவர் குதிரையின் முகத்தோடு முகம் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கையில் கைப்பேசி இருந்தது.

பையனுக்குக் காயம் ஒன்றும் இல்லை. வேலியோரம் நின்ற அவன் தாயார் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தபேதார் குழந்தைகளெல்லாம் போகும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "நீ பிடிக்க வேண்டிய நேரம் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். எப்போது என்று சொல்லிவிட்டு வராது." அவருடைய அன்றைய கணக்கு அதோடு தீர்ந்துவிட்டது போலும். விரலால் லாயத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான்கு சனிக்கிழமை லாயம் கூட்டினேன். சாணம் வாரி, நனைந்த வைக்கோலைப் பிரித்துப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். ஒரு குதிரை ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது என் தோளுக்குத் தெரியும். குளம்பைத் தூக்கி அதன் இடுக்கில் சிக்கிய கல்லை எடுக்கப் பெரியவர் கற்றுக் கொடுத்தார். போய்விடலாமா என்று இரண்டாவது வாரம் நினைத்தது உண்மை. மணிக்கணக்குக்கு லாயம் கூட்டுவதும் சேரும் என்பதும் நான் நின்றதற்கு ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணம் பெரியவர். அவர் ஒருநாள்கூட என் தவற்றைப் பற்றிப் பேசவில்லை. "குதிரையோட காதைப் பாரு தம்பி. அது எங்க கேக்குதோ அங்க நீயும் கேளு" என்பார். நான்காவது வாரம் குதிரையின் காது திரும்பிய பிறகுதான் எனக்கு லாரிச் சத்தம் கேட்டது. அதைச் சொன்னேன். "அப்ப களத்துக்குப் போ" என்றார்.

சேணம் வைக்கும் அறையில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணி. 1944இல், கருவுற்றிருந்தபோது, அவரைப் போலியோ தாக்கிற்று. முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவே இல்லை. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரை நடைப் போட்டியில் பெண்களையும் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டபோது, 'ஜூபிலி' என்ற குதிரைமேல் அமர்ந்து ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இல் மறுபடியும் வெள்ளி. அந்த ஆண்டு ஒலிம்பிக் மெல்போர்னில். ஆனால் ஆஸ்திரேலியாவின் கால்நடைச் சட்டத்தால் குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்தன. அவரைப் பார்த்துத்தான் இந்த வைத்தியமுறை பல நாடுகளில் வேர் பிடித்தது. பிரிட்டனில் இதற்கான சங்கம் 1969இல் உருவாயிற்று.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அத்தை நினைவு வரும். திருநெல்வேலியில், எங்கள் வீட்டுத் திண்ணையில் அவள் காலம் கழிந்தது. இரண்டு வயதில் போலியோ. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கொடுமை செய்ததாக யாரையும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் அவள்மேல் உயிர். "பாவம், அவ எதுக்குக் கஷ்டப்படணும்?" என்பார் தாத்தா. தண்ணீர்ச் செம்பை அவள் எட்டுவதற்கு முன் நாங்கள் குழந்தைகள் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்போம். "ஏல, நா எடுக்க மாட்டனா?" என்று சீறுவாள். அவளுக்கு முன்கோபம் என்று வீட்டில் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

களத்துக்குத் திரும்பிய முதல் வாரம் சிறுவனின் தாயார் என்னைக் கண்டு வணங்கவும் இல்லை, விலகவும் இல்லை. மேடையில் அவனை நகர்த்தி உட்கார வைத்தோம். இரண்டு சுற்றுக்குப் பிறகு "பிடி" என்றான். கையை எடுத்தேன். தொடைக்கும் என் கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கண் குதிரையின் காதில். களத்தின் ஒரு பக்கம் முழுவதும் அவன் தானாகவே உட்கார்ந்து வந்தான். மூலையில் திரும்பும்போது சற்றுச் சாய்ந்தான். என் கை எழும்பிற்று. அதற்குள் அவனே நிமிர்ந்துகொண்டான். வங்கி அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்று இரவு அத்தையோடு தொலைபேசியில் பேசினேன். டென்மார்க் அம்மாளின் கதையையும் சொன்னேன். ஒலிம்பிக்கைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏய்யா, குதிரை என்ன ஒசரம் இருக்கும்?"

குதிரையின் உயரத்தைத் தோள்மேடு வரையில் 'கை' என்ற அளவால் சொல்வார்கள் என்றும், ஒரு கைக்கு 4 அங்குலம் என்றும், எங்கள் கத்தியவார்க் கிழவி 14 கை என்றும் சொன்னேன். அத்தை மனத்துக்குள் கணக்குப் போட்டாள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தப்பாது.

"நாலடி எட்டங்குலமா? என் ஒசரந்தான்" என்றாள்.

சங்க நண்பர்களுக்கு ஒரு தகவல். தேர்வு நெருங்குவதால் அறநிலையத்தில் தொண்டர் குறைந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை 5 மணிக்கு விடுதி வாசலிலிருந்து புறப்படுகிறேன். விரல் மூடிய செருப்போ பூட்ஸோ அவசியம். கைப்பேசியை வாசலில் ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டி என் பொருட்டு வந்ததுதான்.